குழாயில் நிற்கும் ஐம்பது மில்லி

வீட்டில் பீர் காய்ச்சி, கெக் என்ற உலோகக் கலனில் அடைத்து, குளிர்பெட்டியில் ஒரு டாப் பொருத்திக் குடிப்பவர்களிடம் குழாயை எப்போது கழுவுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: கெக் காலியானதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாத்திரம் காலியானால் கழுவுகிறோம். கெக்கும் பாத்திரம்தானே, அதில் தொங்கும் குழாயையும் கையோடு அலசிவிட்டால் வேலை முடிந்தது. இந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி. குழாய்க்குக் கெடு வைக்க வேண்டியது நாள்காட்டி. கெக் பத்து நாளில் தீர்ந்தாலும் சரி, மூன்று மாதம் ஓடினாலும் சரி, குழாயின் உள்சுவரில் நடப்பது அதன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகப் போடும் குழாயின் உள்விட்டம் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர். நீளம் பத்தடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் நிற்கும் பீர் 54 மில்லி. ஒரு கிளாஸில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கொஞ்சூண்டு பீரைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

வீட்டு கெக் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்த அலட்சியத்தின் வேரும் தெரியும். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றமாகவே இருந்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் மத்திய அரசின் தடை விலகியது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக வந்த மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் வந்தன. பாட்டில் கழுவிச் சலித்தவர்களுக்குக் கை கொடுத்தது குளிர்பானத் தொழில். பெப்சிக்காரர்கள் பயன்படுத்திய பால்-லாக், கோக்காகோலாக்காரர்கள் பயன்படுத்திய பின்-லாக் என்று இரண்டு வகை எவர்சில்வர் கலன்கள், ஒவ்வொன்றும் 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர். குளிர்பானக் கடைகள் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்த பாகுக்கு மாறியபோது இந்தக் கலன்கள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்து குவிந்தன. கார்னேலியஸ் நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி இன்றும் அதைக் கார்னி கெக் என்றே அழைக்கிறார்கள். ஆக, கலன் குளிர்பானத்திடமிருந்து வந்தது. காய்ச்சும் வித்தை புத்தகங்களிலிருந்து வந்தது. அந்தப் புத்தகங்கள் நொதிக்கும் பாத்திரத்தின் சுத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். பீர் தயாரான பிறகு அது கடந்து போகும் கடைசிப் பத்தடியைப் பற்றி அவ்வளவாகப் பேசாது. மதுக்கூடம் நடத்துபவருக்குக் குழாய் என்பது தொழில், வாடிக்கையாளர் முகம் சுளித்தால் காசு போகும். வீட்டுக்காரருக்கு அது வெறும் குழாய்.

இப்போது அந்த 54 மில்லிக்கு வருவோம். கெக்குக்குள் 19 லிட்டர் பீர் தொடும் எவர்சில்வர் பரப்பை அளந்தால் ஏறக்குறைய 4,200 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிக்கு 0.22. குழாய்க்குள் 54 மில்லி தொடும் சுவர் சுமார் 456 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிக்கு 8.4. குழாயில் நிற்கும் ஒவ்வொரு துளியும் கெக்கில் இருக்கும் துளியைப் போலக் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு சுவரை உரசிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுவரும் எவர்சில்வர் அல்ல, பெரும்பாலும் மெத்தென்ற வினைல். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைல் வழியாக மெல்ல உள்ளே கசியும். கெக்கைக் கார்பன் டை ஆக்சைடால் மூன்று முறை ஊதி ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டேன் என்று பெருமைப்படுபவர், அதே பீரை ஆக்சிஜன் புகும் குழாயில் இரவு முழுக்க நிறுத்தி வைக்கிறார். நனைந்த அட்டை போன்ற ஒரு மந்தமான ருசி முதல் கிளாஸில் தெரிந்தால் அதற்குக் கிருமி எதுவும் தேவையில்லை, இது போதும். வீட்டு பீர் வடிகட்டப்படாதது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆலையின் பளிங்கு போன்ற லாகரில் ஈஸ்டும் புரதமும் பெருமளவு நீக்கப்பட்டிருக்கும். வீட்டுக் கோதுமை பீரிலோ, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அள்ளிக் கொட்டிய மங்கலான ஐபிஏ-விலோ அவை அப்படியே மிதக்கும். ஈஸ்ட், புரதம், ஹாப்ஸ் பிசின், கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு எல்லாம் சுவரில் ஒட்ட வரும் சரக்குகள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் வீட்டுக் குழாய்தான் கடைக் குழாயைவிட அழுக்கான பீரைச் சுமக்கிறது.

இந்த இடத்தில் எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். பீரில் ஆல்கஹால் இருக்கிறது, ஹாப்ஸ் இருக்கிறது, அமிலம் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. இதில் என்ன முளைக்கும்? இந்த வாதம் பாதி சரி. ஆளை நோயில் தள்ளும் கிருமிகள் பீரில் பெருகுவதில்லை. அழுக்குக் குழாயில் குடித்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை. ஆனால் பீருக்கே நோய் வரும் என்பது லூயி பாஸ்டர் 1876-ல் பீரைப் பற்றிய தன் நூலை வெளியிட்ட காலத்திலிருந்து தெரிந்த சேதி. ஹாப்ஸின் கசப்பைத் தாங்கிக்கொள்ளும் லாக்டோபேசில்லஸ் வகைகள் உண்டு; அவை பீரைப் புளிக்க வைக்கும். பீடியோகாக்கஸ் டையசெட்டில் என்ற பொருளை உண்டாக்கும். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை அதுதான். லாகர் பீரில் ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவு இருந்தாலே பழகிய நாக்கு கண்டுபிடித்துவிடும். அசெட்டோபேக்டர் பீரைக் காடியாக்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அது குடியிருப்பது டாப்பின் வாயில். இவை ஒவ்வொன்றும் பீரில் தனியாக மிதந்துகொண்டிருந்தால் அடுத்த கிளாஸோடு அடித்துக்கொண்டு போய்விடும். சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் புரதப் பசையில் ஒதுங்கி, தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பைச் சுரந்து மூடிக்கொள்ளும்போதுதான் குடித்தனம் தொடங்குகிறது. குளத்துப் படிக்கட்டில் பிடிக்கும் வழுக்கலைப் போன்றதுதான் இதுவும். ஓடும் நீர் அதைக் கொண்டுபோகாது, தேய்த்தால்தான் போகும்.

சரி, என் பீரில் தெரியும் குறை குழாயால் வந்ததா, காய்ச்சும்போதே வந்ததா? டையசெட்டிலை ஈஸ்டும் உண்டாக்கும். நொதித்தலை அவசரமாக நிறுத்தினால் கெக் முழுக்கவே வெண்ணெய் வாடை இருக்கும். குழாய்மேல் பழி போடுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. டாப்பை ஓர் இரவு தொடாமல் விட வேண்டும். காலையில் முதலில் வரும் 60 மில்லியை ஒரு கிளாஸில் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் குழாயில் நின்றது அதில் வந்துவிடும். அடுத்த 200 மில்லியை வேறொன்றில் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, அதற்கடுத்த 60 மில்லியை மூன்றாவது கிளாஸில் பிடிக்க வேண்டும். இது கெக்கிலிருந்து நேராக வந்த பீர். முதல் கிளாஸையும் மூன்றாவதையும் மூடி வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு முகர வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் கிளாஸ் எப்போதுமே கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும், வெதுவெதுப்பான பீரில் வாடை தூக்கலாகத் தெரியும், குழாய் குற்றமில்லாமலே தண்டனை வாங்கும். எந்த கிளாஸ் எது என்று தெரியாமல் வீட்டில் இன்னொருவர் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. முதலாவதில் மட்டும் குறை என்றால் குழாயும் டாப்பும்தான். இரண்டிலும் என்றால், புதிதாக ஓரடி நீளக் குழாயை கெக்கில் மாட்டி நேராகப் பிடித்துப் பார்க்கலாம்; அதிலும் இருந்தால் குழாயை விட்டுவிட்டு நொதிபாத்திரத்தைப் பார்க்கப் போக வேண்டியதுதான். எத்தனையோ பேர் நல்ல பீரைக் கெட்ட பீர் என்று நினைத்து செய்முறையை மாற்றுகிறார்கள், ஈஸ்டை மாற்றுகிறார்கள், தண்ணீரில் உப்பு சேர்க்கிறார்கள். ஐம்பது மில்லியில் நடக்கும் கோளாறுக்கு இருபது லிட்டரில் மருந்து தேடுகிறார்கள்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது, அதற்கு உரிய மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கைவினை ஆலைகளின் அமைப்பான பிரூவர்ஸ் அசோசியேஷன் வெளியிடும் டிராஃப்ட் பீர் தரக் கையேடு, குழாய்களை 14 நாளுக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவச் சொல்கிறது. பிரிட்டனின் பப்களில் வாரம் ஒருமுறை என்பது வழக்கம். இவையெல்லாம் நிலவறையிலிருந்து கூடம் வரை நீளும் குழாய்களுக்கு எழுதியவை. என்னுடையது பத்தடி, முழுக்க மூன்று டிகிரிக் குளிரில் கிடக்கிறது, எனக்கு ஏன் அதே கெடு என்று கேட்கிறார்கள். குளிர் கிருமியை மந்தப்படுத்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தாது. எதிர்ப்பக்கத்தில் வேறொன்று இருக்கிறது. கூட்டம் உள்ள கடையில் 15.5 காலன் பீப்பாய் சில நாளில் தீரும். குழாயில் பீர் நிற்க நேரமே இல்லை. வீட்டில் நாளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தால் 19 லிட்டர் தீர ஏறக்குறைய 27 நாள் ஆகும். ஒரு கிளாஸ் நிரம்பப் பத்து விநாடி என்றால், அந்த 27 நாளில் குழாயில் பீர் ஓடும் நேரம் மொத்தமே ஒன்பது நிமிடம்தான். மிச்சமெல்லாம் நிற்கும் நேரம். கடைக் குழாய் ஓடை என்றால் வீட்டுக் குழாய் குட்டை. கிருமிக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர் தரும் சலுகையை நிற்கும் நேரம் பிடுங்கிக்கொள்கிறது. என் தீர்ப்பு இது: முழுக்கக் குளிரில் கிடக்கும் நீளம் குறைந்த குழாயை மூன்று வாரம் வரை இழுத்தால் குடி முழுகிப்போகாது, அதற்கு மேல் இழுப்பவர் அதிர்ஷ்டத்தை நம்பிக் குடிக்கிறார். டாப் மட்டும் அறையின் சூட்டில், பழ ஈக்களின் நடுவே வெளியே நிற்கிறது. அதற்கு இந்தச் சலுகை ஒரு நாளும் கிடையாது.

கழுவுவதில் எது எதைச் செய்கிறது என்று தெரிந்தால் பாதி மூடநம்பிக்கை போய்விடும். முதல் மூடநம்பிக்கை கிருமிநாசினி. ஸ்டார் சான் என்ற பாஸ்பாரிக் அமிலக் கரைசலை 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து ஓடவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நல்ல சரக்குதான், பிறகு அலச வேண்டியதும் இல்லை. ஆனால் சுத்தமான பரப்பில்தான் அது வேலை செய்யும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய சட்டியில் வெந்நீர் ஊற்றிவிட்டுக் கிருமி செத்தது என்று சொல்வதுபோல், வழுக்கல் மேல் அமிலத்தை ஓட்டி ஒரு பயனும் இல்லை. முதலில் வழுக்கலைக் கரைக்க வேண்டும், அதற்குக் காரம்தான் வழி. காரம் புரதத்தைச் சிதைக்கும். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் மெல்லிய அமிலங்கள் என்பதால் காரத்தில் கரைந்து வந்துவிடும். கிருமிக்குக் காரம் ஆகாது என்பது நம் ஊர்ப் பனையேறிகளுக்கும் தெரிந்த விஷயம்; கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இங்கே கையேடு சொல்லும் அளவு, ஒழுங்காகப் பராமரித்த குழாய்க்கு 2 சதவீதம் காஸ்டிக் சோடா, பழைய, தொல்லை தரும் குழாய்க்கு 3 சதவீதம். சூடு 27-லிருந்து 43 டிகிரி வரை. அதற்கு மேல் சூடேற்றினால் வினைல் தொளதொளத்துவிடும். காஸ்டிக்கைப் பார்த்துப் பயப்படுபவர்கள் சோடியம் பெர்கார்பனேட் கலந்த பிபிடபிள்யூ போன்ற பொடிகளை எடுக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நானும் அதையே சொல்வேன். கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், கெடு தவறாதவருக்கு அது போதும். காஸ்டிக்தான் என்றால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் காஸ்டிக்கை ஊற்ற வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது; குழாயில் அது ஊறும்போது டாப்பின் கழுத்தில் ஒரு துணியைக் கட்டி வைக்க வேண்டும். யாராவது தாகத்தில் கிளாஸை நீட்டிவிடக் கூடாது.

வரிசை முக்கியம். முதலில் வெறும் தண்ணீரை விட்டுக் குழாயிலுள்ள பீரை வெளியேற்ற வேண்டும். பீர் அமிலம், காரத்தோடு கலந்தால் காரத்தின் பலத்தைத் தின்றுவிடும். இதே காரணத்தால் வீட்டில் நடக்கும் இன்னொரு தவறும் புரியும். காலி கெக்கில் சூடான காஸ்டிக்கை ஊற்றி, கார்பன் டை ஆக்சைடால் அழுத்தி டாப் வழியாகத் தள்ளுகிறார்கள். காஸ்டிக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் வாஷிங் சோடாதான் மிஞ்சும். முந்தைய வாயு நிறைந்து கிடக்கும் கெக்கில் காஸ்டிக்கை ஊற்றி மூடி ஆட்டினால் வாயு கரைசலுக்குள் போய்விட, கெக்குக்குள் வெற்றிடம் உண்டாகி மூடி உள்ளே இழுக்கும், கரைசலும் வலுவிழக்கும். ஆகவே கைப்பம்பு வைத்த குப்பியோ, வாளியில் மூழ்கும் சின்னப் பம்போதான் நல்லது. பிரிட்டனில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த ஊதாநிறக் கரைசல் ஒன்று புழக்கத்தில் உண்டு. அழுக்கைச் சந்தித்தால் ஊதா பச்சையாக மாறும். டாப்பிலிருந்து ஊதாவாகவே வந்தால் குழாய் சுத்தம். அழுக்கைக் கண்ணால் காட்டும் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கரைசலை விட்ட பிறகு அலச வேண்டும், எவ்வளவு என்பதை நாக்கிடம் கேட்கக் கூடாது. பிஎச் தாள் ஒன்றை வீட்டுத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்த்துக்கொண்டு, டாப்பில் வரும் நீரும் அதே நிறம் காட்டும் வரை ஓடவிட வேண்டும். பிஎச் என்ற அளவுகோலே 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்தது. அந்தத் தாள் தன் தாய்வீட்டுக்கே வேலைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊற வைத்தால் போதுமா, ஓட்ட வேண்டுமா என்ற சண்டையும் ஓயாதது. கையேடு இரண்டையும் அனுமதிக்கிறது: பம்பு வைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் 15 நிமிடம், ஊற வைத்தால் 20 நிமிடம். ஆனால் ஓட்டுவதற்கு அது சொல்லும் வேகம் நிமிடத்துக்கு இரண்டு காலன் வரை. இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த எண் கடைகளின் பருமனான நீண்ட குழாய்களை மனதில் வைத்துச் சொன்னது. 4.8 மில்லிமீட்டர் குழாயில் அவ்வளவு தண்ணீரைத் தள்ளினால் விநாடிக்கு ஏழு மீட்டர் வேகம் வேண்டும், எந்த வாளிப் பம்பும் அதைத் தராது. தேவையும் இல்லை. ஓட்டத்தின் நோக்கம் சுவரோரமாகத் தண்ணீர் சோம்பி நிற்காமல் குழம்பிச் சுழன்று உரசுவது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே இந்த ஒடுங்கிய குழாயில் வேகம் விநாடிக்கு 94 சென்டிமீட்டர் வரும். ஓட்டம் குழம்புகிறதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 40 டிகிரித் தண்ணீரில் 6,800 அளவில் நிற்கும், குழம்பிய ஓட்டத்துக்கு 4,000 தாண்டினால் போதும். மூன்று நான்கு மீட்டர் உயரம் தூக்கும் சின்னப் பம்பால் இது ஆகும். குழாய் மெல்லியதாக இருப்பது அழுக்குச் சேர்வதில் நமக்கு எதிராக இருந்தது. கழுவும்போது நம் பக்கம் வந்துவிடுகிறது. இரண்டு டாப் உள்ளவர்கள் ஒன்றோடு ஒன்றை இணைத்து ஒரே சுற்றாக ஓட்டலாம்.

டாப்பைக் கழற்றாமல் குழாயைக் கழுவுவது வாய் கொப்பளிக்காமல் பல் தேய்ப்பது. பழைய மாதிரி டாப்பில் அடைப்பான் பின்பக்கம், குழாய் சேரும் இடத்தில் இருக்கும். நெம்பை மூடியதும் அதற்கு முன்னால் உள்ள பாகத்தில் கொஞ்சம் பீர் ஒட்டி நின்று காற்றுப்பட்டுக் காயும். மறுநாள் நெம்பு நகர மறுத்தால் அந்தக் காய்ந்த பீர்தான் பிசினாகப் பிடித்திருக்கிறது. முன்பக்கம் அடைக்கும் டாப்புகளில், பெர்லிக் போன்றவற்றில், இந்தத் தொல்லை குறைவு, இல்லாமல் போவதில்லை. கொக்கிச் சாவியால் பின்னாலுள்ள வளையத்தைத் திருகினால் டாப் முழுதாகக் கையோடு வரும். நெம்பின் கழுத்துப் பட்டையைக் கழற்றி உள்தண்டை இழுத்தால் அதன் முனையிலுள்ள வாஷரைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரியும். நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வரும், முகர்ந்தால் பழைய ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி வாடை. வெதுவெதுப்பான கரைசலில் பத்து நிமிடம் ஊறப் போட்டு, மெல்லிய புட்டித் தூரிகையால் உள்ளே இரண்டு பக்கமிருந்தும் தேய்க்க வேண்டும். குரோமியம் பூசிய பித்தளை டாப்பாக இருந்தால் பூச்சு உரிந்து மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வரில் ஒன்று வாங்கிவிடலாம். பித்தளையை பீரின் அமிலம் தின்னும், பீர் பித்தளையைக் குடிக்கும். குழாயின் மறுமுனையில் கெக்கில் மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பானை மறந்துவிடுவார்கள். தலையிலுள்ள திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு கம்பிச் சுருளும் ஒரு சின்ன ஆணியும் இருக்கும். அந்தச் சுருளின் மடிப்புகளுக்குள் ஹாப்ஸ் துகள் சிக்கிக் கிடப்பதைப் பார்த்த பிறகு யாரும் அதை மறக்கமாட்டார்கள்.

காரம் எல்லாவற்றையும் எடுத்துவிடாது. கால்சியம் ஆக்சலேட் படிவை பீர்க்கல் என்பார்கள். காரத்தில் எத்தனை முறை கழுவினாலும் அது அசையாது, அமிலத்துக்குத்தான் மசியும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல். அமிலமும் குளோரின் கலந்த எதுவும் ஒரே நாளில் ஒரே குழாயில் சேரவே கூடாது, விஷவாயு வரும். பீர்க்கல்லை ஏன் பொருட்படுத்த வேண்டும், அதற்கு ருசி இல்லையே என்று கேட்கலாம். கல் படிந்த சுவர் சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு குமிழாகப் பிரியும். டாப்பைத் திறந்தால் நுரைதான் வரும். நுரையைக் கண்டதும் எல்லாரும் ரெகுலேட்டரைத் திருகப் போகிறார்கள். அழுத்தத்தைக் குறைத்தால் சில நாளில் பீரே சப்பென்று ஆகிவிடும். நுரை அப்படியே இருக்கும். மூன்று டிகிரிக் குளிரில் 11 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்து, பத்தடிக் குழாயில் நேற்றுவரை ஒழுங்காக வந்த பீர் எதையும் மாற்றாமல் இன்று நுரைத்தால், சந்தேகப்பட வேண்டியது எண்ணை அல்ல, சுவரை.

குழாய் அடிக்குச் சில்லறைக் காசுதான், கழுவுவதற்கு மெனக்கெடுவானேன், மாற்றிவிட்டால் ஆயிற்றே என்பது கடைசி மறுப்பு. வினைலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு வாதமில்லை. பல மாதம் கழுவாத குழாயை மருந்து போட்டு மீட்பதைவிட வெட்டி எறிவது புத்திசாலித்தனம். ஆனால் ஒரு மாதத்தில் பிடிக்கும் வழுக்கலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பதிலாகாது. மாதம் ஒருமுறை மாற்றினாலும் டாப்பும், குளிர்பெட்டியின் சுவரைத் துளைத்துப் போகும் தண்டும், இணைப்பானும் பழையவைதானே. புதுக் குழாய்க்கு அவையே விதை கொடுத்துவிடும். உள்ளே வழவழப்பான தடுப்புப் படலம் கொண்ட ஈவா பேரியர் மாதிரிக் குழாய்கள் இப்போது வந்திருக்கின்றன. ஆக்சிஜனையும் வாடையையும் அவ்வளவாக உள்ளே விடுவதில்லை, வினைலைவிட ஒட்டல் குறைவு. நல்ல முதலீடு. கழுவும் கெடுவை மட்டும் அது ரத்து செய்யாது. ரூட் பீர் என்ற குளிர்பானம் ஓட்டிய வினைல் குழாய் இனி ரூட் பீருக்கே. அதன் வின்டர்கிரீன் வாசனை பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும், எந்தக் காரமும் அதை வெளியே இழுக்காது. லாக்டோபேசில்லஸை வேண்டுமென்றே விட்டுப் புளிக்க வைத்த பீருக்கும் தனிக் குழாய், தனி டாப், தனி வாஷர்கள்.

கண்ணாடி மாதிரித்தானே இருக்கிறது, அழுக்கு இருந்தால் தெரியாதா என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பீர் நிறைந்த குழாயில் வழுக்கல் தெரியாது; ஈரம் அதை மறைத்துவிடும். மாற்றும்போது பழைய குழாயில் டாப்பை ஒட்டிய ஒரு சாண் துண்டை வெட்டி, வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, கத்தியால் நீளவாக்கில் பிளந்து விரிக்க வேண்டும். புதுக் குழாயிலும் ஒரு துண்டை அப்படியே பிளந்து பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், பழையதன் உள்பக்கம் பால் கொதித்து வற்றிய பாத்திரத்தின் அடியைப் போல மங்கியிருக்கும். கட்டைவிரல் நகத்தை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் நகத்தின் முனையில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு கோடு சேரும்.